பல்பு எரிந்தால் பாஸ்

நன்றாக இருக்கும்வரை யாரும் நினைத்துப் பார்க்காத பொருளைச் செய்து பிழைக்கிற கூட்டம் நாங்கள். ஆட்டத்தில் ஜெயித்தால் ஆடுகிறவன் தன் கையைப் புகழ்வான், தோற்றால் மட்டும் எங்கள் சுவிட்சைத் திட்டுவான்.

கேம் ஹால்களில் நின்றுகொண்டே ஆடுகிற பெரிய வீடியோ கேம் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். உருண்டைத் தலை வைத்த ஒரு குச்சி இருக்கும், அதுதான் ஜாய்ஸ்டிக். பக்கத்தில் ஆறு கலர் பட்டன். குச்சியைச் சாய்த்தால் அந்தத் திசைக்கான சுவிட்ச் அடியில் அமுங்கும். ஆகக் குச்சிக்கு நாலு, பட்டனுக்கு ஆறு, ஓர் ஆளுக்குப் பத்து சுவிட்ச். இரண்டு பேர் ஆடும் மெஷின் என்றால் இருபது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டில் ஒன்பது வருஷமாக அந்த இருபதையும் சோதித்து அனுப்புவது என் வேலை. எங்கள் கம்பெனிக்குச் சோறு போடுவது லாரி எடை மேடைகள்தான். கேம் செக்‌ஷன் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குடித்தனம். நான் மல்லிகா, அதற்கு இன்சார்ஜ். எனக்குக் கீழே ஐந்து பெண்கள், எல்லாரும் காண்ட்ராக்ட்.

சரக்கு திரும்பி வரும் துன்பம் அறிந்தவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம், தடையில்லை.

பிரியாணிப் பையில் வந்த சுவிட்சுகள்

வடசென்னைக் கடற்கரை ஓரம் கேம் ஹால் வைத்திருக்கும் சலீம் பாய் எங்களிடம் ஆறு மெஷின் வாங்கியிருந்தார். இரண்டு வருஷமாக மாதம் தவறாமல் பத்துப் பதினைந்து சுவிட்சைக் கழற்றி, பிரியாணிக் கடை கேரி பேக்கில் போட்டு அனுப்புவார். அமுக்கினால் வேலை செய்யவில்லை என்பது புகார். என்னிடம் நானே செய்த ஒரு டெஸ்டர் உண்டு. ஒரு பலகை, இரண்டு கிளிப், எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரி ஸ்பேர் கடையில் வாங்கிய ஒரு இண்டிகேட்டர் பல்பு, அவ்வளவுதான். சுவிட்சை மாட்டி அமுக்கினால் பல்பு எரிய வேண்டும். எரிந்தால் பாஸ். பாய் அனுப்பியது அத்தனையும் பளிச்சென்று எரியும். நானும் ஒரு சீட்டில் 'சோதித்ததில் குறை இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அதே பையில் திருப்பி அனுப்பிவிடுவேன். போனில் கூப்பிட்டால், உங்கள் ஹால் வயரிங்கைப் பாருங்கள் என்று புத்திமதியும் சொல்வேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், அதில் எனக்கு ஒரு கர்வம் வேறு.

போன ஆனி மாதம் பாய் நேரிலேயே வந்துவிட்டார். இன்னும் இரண்டு ஹால் திறக்கிறாராம், நாற்பது மெஷின் வேண்டுமாம். எங்களுக்குத் தர மனசில்லை என்று முதலாளியிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார். பிறகு அவரே இறங்கி வந்து ஒரு கண்டிஷன் போட்டார். தன் ஹாலில் எங்கள் புது மெஷின் ஒன்றுக்கு இடம் தருவார். எந்தச் சுவிட்சை வேண்டுமானாலும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் பொங்கலுக்குள் தொடர்ந்து மூன்று மாதம் ஒரு பட்டன்கூட மக்கர் பண்ணாமல் ஓட வேண்டும். ஓடினால் நாற்பதும் எங்களுக்கு. ஓடாவிட்டால் வெளிநாட்டு மெஷினைக் கப்பலில் இறக்கிக்கொள்வார்.

அவர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். "நாப்பது வந்தா செக்‌ஷன் நிக்கும்மா. வரலன்னா பொங்கலோட மூடிட்டு அங்க எடை மேடை பிளேட்டு அடுக்கப் போறேன். உனுக்கு அந்தப் பக்கம் எடம் கீது, அந்த அஞ்சு பொம்பளைங்களுக்கு இல்ல."

வாயைத் திறக்காத நூறு பேர்

இதுவரை நாங்கள் போட்டுவந்தது மைக்ரோ சுவிட்ச். தீப்பெட்டியைவிடச் சின்ன டப்பா, அமுக்கினால் உள்ளே ஒரு தகடு துள்ளி 'டிக்' என்று சத்தம் வரும். அதில்தான் கோளாறு என்றால் ஜாதியையே மாற்றிவிடுவோம் என்று முடிவு கட்டினேன். லீஃப் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. இரண்டு நீளத் தகடுகள் அருகருகே நிற்கும். பட்டனை அமுக்கினால் ஒன்று வளைந்து மற்றதைத் தொடும். சத்தமே வராது. பூப்போல அமுங்கும். பழைய ஆட்டக்காரர்கள் இதற்காக உயிரையே விடுவார்கள். மாதிரிக்கு நூறு வரவழைத்தேன்.

கன்னியம்மா என் ஐந்து பேரில் ஒருத்தி. பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கிற குடும்பம். கலங்கல் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி இறால் பிடித்துப் பழகிய விரல்கள் அவளுடையவை. சுவிட்சைத் தொட்டே நல்லது கெட்டது சொல்லிவிடுவாள். ஆனால் செக்‌ஷனில் நான் வைத்த சட்டம் ஒன்று உண்டு: முதலில் காது, அப்புறம் பல்பு. டிக் வராததைப் பல்புக்கே கொண்டுபோகக் கூடாது. இந்தச் சட்டத்தை மந்திரம் மாதிரி எல்லாருக்கும் ஓதி வைத்திருந்தேன். லீஃப் சுவிட்சுக்கு அது பொருந்தாது என்று சொல்ல மறந்து நாஷ்டாவுக்குப் போய்விட்டேன். இரண்டு இட்லி சாப்பிட்டுத் திரும்புவதற்குள் நூறையும் சிவப்பு டிரேயில் கொட்டி, ரிஜெக்ட் சீட்டு ஒட்டி, திருப்பி அனுப்ப டேப்பும் சுற்றிவிட்டாள். எனக்குத் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு சொன்னாள்: "நூறும் செத்துப்போயி வந்துகீதுக்கா. ஒண்ணுகூட வாயத் தொறக்கல."

திருப்பிச் சொல்கிறவர்

டேப்பைப் பிரித்து, கன்னியம்மாவைச் சமாதானப்படுத்தி, லீஃப் சுவிட்சுகளைப் பாய் ஹாலில் வைத்த அந்த மெஷினில் மாட்டினோம். மாட்டிய அன்று நானே நின்று ஆடிப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இருந்தது. நாற்பது மெஷினும் வந்துவிட்டது என்றே நினைத்து, ரயிலில் பொன்னேரி வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து ஐந்து பெண்களுக்கும் மனசுக்குள் சம்பள உயர்வு கொடுத்துக்கொண்டே வந்தேன்.

பத்தே நாள். ஒரு பட்டனை விட்டால் திரும்பி வரவில்லை, விடாமல் குத்திக்கொண்டே இருக்கிறது என்று போன். போய்த் திறந்து பார்த்தால் தகடுகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எப்படி வளைந்தது என்று பிடிபடவில்லை. ஓர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். தண்டையார்பேட்டை ஆட்டோக்காரர் ஒருவர் வந்தார். முதலில் மெதுவாகத்தான் அமுக்கினார். சத்தம் வரவில்லை. குனிந்து பட்டனைப் பார்த்தார். அப்புறம் முஷ்டியை மடக்கி, கதவைத் தட்டுகிற மாதிரி ஓங்கிக் குத்த ஆரம்பித்தார். ஏன் சார் இப்படிக் குத்துகிறீர்கள், தொட்டாலே வேலை செய்யுமே என்றேன். அவர் ஆட்டத்தை நிறுத்தாமல், ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னார்: "சத்தமே குடுக்கலீங்க மேடம். காதுல வுழலயோன்னு இன்னொரு தபா சொல்லிக்கினு கீறேன்."

ஆளில்லாத ஆட்டம்

தகடு வேண்டாம், தகடு தொடுவதே வேண்டாம் என்று அடுத்ததற்குத் தாவினேன். ஆப்டிகல் சுவிட்ச். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். பட்டனை அமுக்கினால் அதன் அடிப்பாகம் இறங்கி வந்து அந்த ஒளியைத் திருப்பி அடிக்கும். திரும்பி வந்த ஒளியைப் பார்த்ததும் அமுக்கியாயிற்று என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். உலோகத்தோடு உலோகம் உரசாது, தேயாது, துருப்பிடிக்காது. ஆடி முடிகிற சமயம் மாட்டினோம். மூன்று வாரம் மேகமூட்டம். மூன்று வாரமும் ஒரு புகார் கிடையாது. நான் செக்‌ஷனில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஆவணியில் வானம் வெளுத்தது. பாய் போன் பண்ணி, சாயங்காலம் நாலு மணிக்குச் சரியாக வந்து நில்லுங்கள், காரணம் கேட்காதீர்கள் என்றார். போய் நின்றேன். ஹாலின் வாசல் ரோட்டைப் பார்த்தது, மேற்கு. நாலு மணிக்கு வெயில் சாய்ந்து உள்ளே வந்தது, மெஷினின் மேல் ஏறியது, பட்டன்களின் மேல் விழுந்தது. உள்ளே விளக்கு எரிகிற, கண்ணாடி மாதிரியான கலர் பட்டன்கள் அவை. வெயில் அதற்குள் புகுந்து நேரே சுவிட்சின் கண்ணில் குத்தியது. பக்கத்தில் ஆள் கிடையாது, திரையில் பயில்வான் மட்டும் தானாகக் குத்துகிறான், உதைக்கிறான். எதிராளி கீழே விழுந்துவிட்டான். சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. கறுப்புப் பட்டன் போட்டுவிடலாம் என்று மெல்ல ஆரம்பித்தேன். லைட் எரியாத பட்டன் தன் ஹாலுக்குள் வராது என்று பாய் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, திரையைக் காட்டிக் கேட்டார்: "ஆளே இல்லாம ஆடுது, அதுலயும் கெலிச்சுக்கினு வருது. இதுக்கு யாராண்டம்மா டிக்கெட்டு கிழிக்கிறது?"

பல்பு போன நாள்

புரட்டாசி பிறந்துவிட்டது. பொங்கலிலிருந்து மூன்று மாதத்தைப் பின்னால் எண்ணினால், புரட்டாசி முடிவதற்குள் சரியான சுவிட்ச் அந்த மெஷினில் உட்கார்ந்தாக வேண்டும். என் கையில் மூன்று ஜாதியும் தீர்ந்துபோயிருந்தது. கன்னியம்மாவைத் தவிர மற்ற நாலு பெண்களும் பக்கத்துக் கம்பெனிகளில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு என் எதிரிலேயே கிசுகிசுத்தார்கள். அவர்களை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் பாயின் பழைய ஆறு மெஷினிலிருந்து வழக்கம்போல் பிரியாணிப் பை வந்தது, பதினாலு மைக்ரோ சுவிட்ச். சோதிக்கலாம் என்றால் என் டெஸ்டர் பல்பு ஃபியூஸ். மறுநாள் எளாவூரில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்குப் போனேன். கன்னியம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. எலக்ட்ரீஷியனின் மீட்டரை எடுத்து, வயரைத் தொட வைத்தால் கீச்சென்று கத்துமே, அந்த நிலையில் வைத்துப் பதினாலையும் சோதித்துவிட்டாள். ஒன்பது கத்தவில்லை. நான் வந்து அவளைத்தான் திட்டினேன். மீட்டர் பேட்டரி தீர்ந்திருக்கும், கண்டதை எடுத்துச் சோதித்தால் இப்படித்தான், நமக்கென்று ஒரு டெஸ்டர் எதற்கு இருக்கிறது என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டேன்.

மறுநாள் புது பல்பு போட்டு அந்த ஒன்பதையும் அவள் எதிரிலேயே மாட்டினேன். ஒன்பதும் பளிச் பளிச்சென்று எரிந்தது. பார்த்துக்கொள் என்றேன். அவள் மீட்டரை எடுத்து, அதே ஒன்பதையும் திரும்ப வைத்தாள். இப்போது ஒன்பதும் கத்தின. அதே மீட்டர், அதே பேட்டரி. முந்தின நாள் ஊமையாக இருந்தது இன்றைக்கு வாய் திறந்திருக்கிறது என்றால், நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான், என் பல்பு.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். விஷயம் இதுதான். அந்தச் சுவிட்சுகளின் உள்ளே தொடுகிற இடம் வெள்ளி. உப்புக்காற்று பட்டால் வெள்ளியின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் ஆடை படியும். கேம் மெஷின் அனுப்புகிற மின்சாரம் மிகக் கொஞ்சம், மீட்டர் அனுப்புவதும் அப்படியே. அந்த ஆடையைத் தாண்ட அவற்றால் முடியாது. என் லாரி பல்போ ஏகப்பட்ட மின்சாரத்தை இழுக்கிறது, அது ஆடையைக் கிழித்துக்கொண்டு போய்விடுகிறது. கிழிந்ததும் சுவிட்ச் புதுசு மாதிரி ஆகிறது. நான் 'குறை இல்லை' என்று எழுதி அனுப்புகிறேன், பதினைந்து நாள் ஓடுகிறது, மறுபடி ஆடை படிகிறது, மறுபடி பிரியாணிப் பை. குற்றம் சுவிட்ச் ஜாதியில் இல்லை, உள்ளே பூசிய உலோகத்தில் இருந்திருக்கிறது. அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய டெஸ்டரே இரண்டு வருஷமாக அதை மூடி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. செய்தவள் நான். முந்தின நாள் வாங்கின திட்டுக்குக் கன்னியம்மா வட்டி எதுவும் போடவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்: "நீ செக்கு பண்லக்கா. இத்தினி நாளா வைத்தியம் பண்ணிக்கினு இருந்துகீற."

ஏரித் தண்ணீர் பரீட்சை

தங்க முலாம் பூசிய மைக்ரோ சுவிட்ச் கிடைக்கிறது. தங்கத்தின் மேல் ஆடை படியாது. டிக் சத்தமும் வரும், ஆட்டோக்காரர்கள் குத்த வேண்டியதில்லை. ஆனால் விலை அதிகம். இந்த இடத்தில் பர்ச்சேஸ் ஆபீசர் பார்த்தசாரதி வருகிறார். உங்கள் கம்பெனியிலும் ஒருவர் இருப்பார், மலிவு என்ற சொல்லைக் கேட்டால் முகம் மலர்கிறவர். இவர் திருவள்ளூர்க்காரர். வீட்டில் கோயில் கைங்கர்யம், புரட்டாசி சனிக்கிழமை என்றால் ஆளைப் பிடிக்க முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை மடக்கிப் பிடித்துச் சொன்னேன். இரண்டு தடவை வகை மாற்றி இரண்டு தடவையும் மண்ணைக் கவ்வியவள் சொல்லித் தங்கம் வாங்க முடியாது என்றார். நியாயமான பேச்சுதான்.

பதில் கன்னியம்மாவிடம் இருந்தது. திங்கட்கிழமை வரும்போது ஒரு கேனில் பழவேற்காட்டு ஏரித் தண்ணீரும், வீட்டில் கருவாடு போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவும் கொண்டுவந்தாள். அந்த வாசனையோடு பொன்னேரியிலிருந்து ரயிலில் அவளுக்கு மட்டும் தாராளமாக உட்கார இடம் கிடைத்ததாம். டப்பாவில் பாதித் தண்ணீர் ஊற்றினோம். வெள்ளிச் சுவிட்ச் பத்து, தங்கம் பூசிய மாதிரிச் சுவிட்ச் பத்து, தண்ணீர் தொடாமல் நூலில் கட்டி மேலே தொங்கவிட்டு, மூடி, வெயில் அடிக்கும் தகரச் சுவர் பக்கம் வைத்தோம். பார்த்தசாரதி மூடியின் மேல் பேப்பர் ஒட்டிக் குறுக்கே கையெழுத்துப் போட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பத்தாம் நாள் அவரே பேப்பரைக் கிழித்தார். மீட்டரையும் என்னிடம் தராமல் தானே பிடித்துக்கொண்டார். வெள்ளி பத்தில் ஏழு ஊமை. தங்கம் பத்தும் கத்தின. சந்தேகப்பட்டுத் தங்கத்தை இன்னொரு தடவை வைத்தார், பத்தும் கத்தின. மூக்கைப் பொத்திக்கொண்டே மூன்றாம் தடவையும் வைத்தார். செக்‌ஷன் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுவிட்ச் வாங்கும் இண்டென்ட் சீட்டில் கையெழுத்துப் போட்டபடி சொன்னார்: "பெருமாளுக்குச் சாத்தற மாலையிலயே பேரம் பேசறவன் நான். இதுல பேசப் போறதில்லை மல்லிகா, தங்கமே போடுங்கோ."

மூச்சு வாங்கிய மூன்று மாதம்

புரட்டாசி முடிய மூன்று நாள் இருக்கையில் மாட்டிவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு எங்களுக்கு வேலை காத்திருப்பதுதான். ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் கடல் பொங்கி, பாய் ஹாலின் பின்சுவர் வரை நுரை வந்ததாகச் செய்தி. அதைவிட உப்பு இனி எங்கிருந்து வரும். போன் அடித்தாலே ஐந்து பெண்களும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு என் வாயைப் பார்ப்பார்கள். மளிகைக் கடைக்காரர் கூப்பிட்டால்கூட அதே கதைதான். என் டெஸ்டர் பல்பைக் கழற்றி, அந்த இடத்தில் மீட்டரை வைத்தாயிற்று.

மார்கழியில் ஒரு மத்தியானம் பாய் பெயர் போனில் மின்னியது. மெஷின் நின்றுவிட்டது, எதை அமுக்கினாலும் அசையவில்லை என்றார். எந்தப் பட்டன் பாய் என்று கேட்பதற்குள் எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் வந்துபோனார்கள். இருங்கள், பார்க்கிறேன் என்று பாய் போனைக் கையில் பிடித்தபடியே நடந்தார். பெருக்குகிற சத்தம், யாரையோ திட்டுகிற சத்தம், அப்புறம் மெஷின் பாட்டுப் பாடுகிற சத்தம். திரும்பிவந்து சொன்னார்: "பெருக்குற பொம்பள பிளக்கப் புடுங்கிட்டு கீதும்மா. நீ இன்னாத்துக்கு மாடி ஏறி வந்தவ மாரி மூச்சு வாங்குற?"

என் கையெழுத்து

போகிக்கு முந்தின நாள் பாய் வந்தார். மூன்று மாதம் முடிந்திருந்தது, ஒரு பட்டன்கூட மக்கர் பண்ணவில்லை. முதலாளி ரூமில் ஆர்டர் பேப்பர் தயாராக மேஜைமேல் இருந்தது. பார்த்தசாரதியும் நானும் நின்றுகொண்டிருந்தோம். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து தலைகள் வரிசையாகத் தெரிந்தன. உள்ளே வருவதற்கு முன் முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார், பல்பு கதையை எல்லாம் அவிழ்க்க வேண்டாம், கேட்டால் புது மாடல் சுவிட்ச் என்று சொன்னால் போதும் என்று. நானும் தலையை ஆட்டியிருந்தேன்.

பாய் பேனாவைத் திறந்தார். திறந்தவர் என் பக்கம் திரும்பி, பழைய ஆறு மெஷினுக்கு என்ன பண்ணலாம் என்று கேட்டார். நான் சொன்னபடி ஹால் வயரிங்கை ஏற்கெனவே இரண்டு தடவை மாற்றிவிட்டாராம், மூன்றாம் தடவையும் மாற்றிப் பார்க்கட்டுமா என்று அப்பாவியாகக் கேட்டார். பெட்டியிலிருந்து என் சீட்டுகளை வேறு எடுத்து மேஜையில் வைத்தார், ஒரு கற்றை. எல்லாவற்றிலும் 'குறை இல்லை', எல்லாவற்றிலும் என் அழகான கையெழுத்து. இந்த மனிதர் என் பேச்சை நம்பிச் சுவரை இரண்டு முறை உடைத்திருக்கிறார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஜன்னலைப் பார்த்தேன், கன்னியம்மா முகம் தெரிந்தது. நான் வாயைத் திறந்து, அவர் பேனாவை மூடினால், போவது என் வேலை இல்லை, அவள் வேலை. சொல்லாமல் விட்டால், அவர் மூன்றாம் முறையும் சுவரை உடைப்பார்.

சொல்லிவிட்டேன். பல்பு, வெள்ளி, ஆடை, வைத்தியம், எல்லாவற்றையும். உங்கள் வயரிங்கில் ஒரு தப்பும் இல்லை பாய், தப்பு என் டெஸ்டரில், கண்டுபிடித்ததுகூட நான் இல்லை, அதோ நிற்கிறாளே, அவள்தான் என்றேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். பார்த்தசாரதி உதடு மட்டும் ஏதோ சுலோகம் சொன்னது. பாய் சீட்டுக் கற்றையை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், கடைசிச் சீட்டுவரை. அப்புறம் ஆர்டர் பேப்பரில் நாற்பது என்பதை அடித்து, மேலே வேறு எண் எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடமே நீட்டினார். "ரெண்டு தபா செவுத்த ஒடைச்சேன், நல்ல எலக்ட்ரீசன் ஒருத்தன தொரத்திவுட்டேன், ராசியில்லாத ஹாலுன்னு விக்கக்கூட பாத்தேன். தப்பு எங்களுதுன்னு என்னாண்ட இதுவரிக்கும் ஒரு கம்பெனியும் சொன்னதில்லம்மா. அந்தப் பழசு ஆறுக்கும் பதிலா புதுசு சேத்து நாப்பத்தாறா போடு."

தை பிறந்ததும் செக்‌ஷனில் ஐந்து பேருக்கும் காண்ட்ராக்ட் போய் நிரந்தரம் வந்தது, 'சோதித்ததில்' சீட்டில் இப்போது கையெழுத்துப் போடுவது கன்னியம்மா. நானோ, ஒன்பது வருஷத்தில் எத்தனையோ வகைச் சுவிட்சை அமுக்கிப் பார்த்திருக்கிறேன், 'தப்பு என்னுடையது' என்று சொல்ல வைக்கிற சுவிட்சைப் போல அமுக்கக் கஷ்டமானது எதையும் இன்னும் பார்க்கவில்லை.